எலிகள் ஒளிந்த சத்தம்

எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்து உருண்ட சத்தத்துக்குக் கூண்டிலிருந்த ஆறு வெள்ளை எலிகளும் ஒரே நேரத்தில் எகிறிக் குதித்தன. குதித்த இடத்திலேயே இறங்கி, மீசை துடிக்க அப்படியே நின்றன.

"வேணும்னேதான் போட்டேன்" என்றார் அக்தரி பேகம். "இதுங்க எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான் மேடம். வளர வளர ரத்தக் கொதிப்பு ஏறுற இனம். குட்டியா இருக்கறப்பவே இப்படித் துள்ளும். தும்மினாலும் துள்ளும், கதவைச் சாத்தினாலும் துள்ளும்."

சொல்லிக்கொண்டே சோபனா கையுறையை மாட்டினாள். உடனே கழற்றினாள். மறுபடி மாட்டினாள். காலையிலிருந்து அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை.

அக்தரி பேகமும் உட்காரவில்லை. சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, வேலூர் லாங் பஜாரில் ஒரு வளையல் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்தி வருகிறவர். யோசிக்கும்போது நடப்பார். நடக்க இடமில்லாத அறையில் அவருக்கு யோசனை ஓடாது. இந்த அறையோ நீளமானது. ஆம்பூர் நெடுஞ்சாலையோரம் ஒரு காலத்தில் ஷூ தைத்த தொழிற்சாலை இது. தையல் மிஷின்கள் போய், கூண்டுகள் வந்து, ஆய்வகம் என்று போர்டு மாட்டிய பிறகும் பசை வாசனை மட்டும் சுவரைவிட்டுப் போகவில்லை.

"பிரச்சினையை இன்னொரு தடவை சொல்லும்மா. படிக்காதவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

சோபனா மேஜைமேலிருந்த நீளப் பெட்டியைக் காட்டினாள். "இதுக்குள்ள ரெண்டு அறை. நடுவுல சின்னக் கதவு. எலியை உள்ள விட்டதும் பஸ்ஸர் அடிக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுத் தரைக்கம்பியில லேசா ஷாக் வரும். பஸ்ஸர் கேட்டதுமே பக்கத்து அறைக்குப் போயிட்டா ஷாக் கிடையாது. முதல்ல நான் வச்சிருந்த இதே இன எலிங்க, சாதாரண எலிங்களைவிட வேகமா இதைக் கத்துக்கிச்சு. அதைத்தான் கட்டுரையா எழுதினேன். இன்னொரு தடவை செஞ்சு காட்டுன்னாங்க. அதுக்காக வளர்த்தது இந்த ஆறும்."

"இதுங்க செய்யலை."

"பஸ்ஸர் அடிச்சா கல்லு மாதிரி உக்காந்துடுது. ஷாக் வந்தாலும் நகர மாட்டேங்குது. கதவு திறந்துதான் இருக்கு மேடம், ஒண்ணுகூட அந்தப் பக்கம் திரும்பல. அதனால முதல்ல எழுதினதே பொய்யின்றாங்க. இன்னிக்கு மத்தியானம் எங்க டைரக்டர் நயீம் அகமது விசாரணை வச்சிருக்காரு. சென்னையிலருந்து பேராசிரியர் ராமமூர்த்தி வர்றாரு. இந்த எலிங்களைப் பத்திப் புத்தகமே எழுதினவரு. அவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்புறம் எந்த ஆய்வகத்துலயும் எனக்கு வேலையில்ல. பொய் ஆராய்ச்சி பண்ணவள்ன்ற பேரு போகவே போகாது."

"அவர் புத்தகத்துல இன்னா சொல்றாரு?"

"இதுங்களுக்குப் பதட்டம் ஜாஸ்தி, பதட்டத்துல ஓடுது, அதைப் பார்த்துட்டுக் கத்துக்கிச்சுன்னு ஏமாறக் கூடாதுன்னு சொல்றாரு."

அப்போது நடைவழியில் ஒரு சத்தம் கேட்டது. கிறீச். கிறீச். கதவு திறந்து, அக்தரி பேகத்தின் உதவியாளன் தமிழ்வேந்தன் உள்ளே வந்தான். வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. காலில் பளபளவென்று பழுப்பு நிற ஷூ.

எலிகள் இந்த முறை துள்ளவில்லை. ஆறும் ஒன்றன் பின் ஒன்றாகக் கூண்டின் கோடிக்கு ஓடி, அங்கே கிடந்த பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைந்துகொண்டன. வெளியே ஒரு வால் மட்டும் தெரிந்தது. அதுவும் மெல்ல உள்ளே போய்விட்டது.

"என் மூஞ்சியைப் பார்த்து ஓடுறவங்க கூட்டத்துல இப்ப எலியும் சேந்துடுச்சா மேடம்?"

"ஷூவோட உள்ள வரக்கூடாது சார்!" என்றாள் சோபனா.

"மன்னிச்சுக்கோங்க. பஸ் ஸ்டாண்டுல செருப்பு அறுந்துடுச்சு. பக்கத்து எக்ஸ்போர்ட் கடையில இதை வாங்கினேன். நடந்தா பாடும்னு கடைக்காரரே சொன்னாரு. ஊமை ஷூ வேணும்னா வேற கடைக்குப் போன்னுட்டாரு."

அக்தரி பேகம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேந்தா, வெளிய போ. ஷூவைக் கழட்டிட்டு வெறுங்கால்ல வா."

அதற்குள் எலிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்திருந்தன. வெறுங்காலோடு வந்தவனை அவை கண்டுகொள்ளவே இல்லை.

"கைதட்டு."

தட்டினான். ஆறும் துள்ளின. எதுவும் ஓடவில்லை.

"பாடு."

"இங்கயா?"

"பாடுடா."

அவன் ஒரு வரி பாடினான். எலிகள் முன்னைவிட உயரமாகத் துள்ளின. "பரவால்ல மேடம், இதுங்களுக்கு ரசனை இருக்கு" என்றான்.

"இப்ப ஷூவைப் போட்டுட்டு வா."

கிறீச். ஆறும் குழாய்க்குள் போயின. மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் குழாய்க்குள் ஒளிந்தன.

சோபனாவின் கையுறை பாதி மாட்டியபடியே நின்றது. "எனக்கு இதுங்க ஒரு தடவைகூட ஒளிஞ்சதில்ல."

"நீ பயமுறுத்தலையேம்மா. எதைக் கேட்டாலும் துள்ளுது, அது இதுங்க குணம். ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் ஓடி ஒளியுது. அது அனுபவம். இந்தச் சத்தத்தோட ஒரு ஆள் வந்திருக்காரு. வந்து, இதுங்களை எடுத்து, வலிக்கறாப்ல ஏதோ செஞ்சிருக்காரு. ஒரு தடவை இல்ல, பல தடவை. இந்தச் சத்தம் கேட்டா அந்தக் கை வந்துடும்னு இதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு." அவர் நடை நின்றது. "இந்த ரூமை யார் யார் திறக்கலாம்?"

"உள்ள ஆள் இல்லாதப்ப கைரேகைப் பூட்டுதான். என் விரலுக்குத் திறக்கும், வசந்த் விரலுக்குத் திறக்கும். வசந்தும் என்னை மாதிரி ஆராய்ச்சி பண்றவன்தான். ஞாயித்துக்கிழமைல தீனி, தண்ணி அவன்தான் வைப்பான்."

"வசந்த்! கேஸ் முடிஞ்சுது. பிரியாணி சாப்ட்டுக் கிளம்பலாம்" என்றான் வேந்தன்.

"வசந்த் காலுக்கு இன்னா போடுவாரு?"

"ரப்பர் செருப்பு மேடம்" என்றாள் சோபனா. "ஷூ போட்டு நான் பார்த்ததே இல்ல."

"அது பாடாதே. வேந்தா, உன் கடையைக் காட்டு. சோபனா, உங்க ஆபீஸ் குரூப் போட்டோ ஒண்ணு என் ஃபோனுக்கு அனுப்பு."

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய தெருவில் இரண்டு பக்கமும் ஷூக்கள் தொங்கின. வெளிநாட்டுக்குப் போக வேண்டியவை, ஏதோ ஒரு குறையால் ஊரிலேயே தங்கிவிட்டவை. வெயிலில் தோல் வாசனை கனத்துக் கிடந்தது. சரக்கு ஆட்டோ ஒன்று குறுக்கே நின்று வழியை அடைத்திருக்க, பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அக்தரி பேகம் வண்டியிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டார். வேந்தன் கிறீச் கிறீச்சென்று பின்னால் ஓடினான்.

கடைக்காரர் ஜியாவுல்லா அந்தச் சத்தத்தைக் கேட்டே எழுந்தார். "வாங்க தம்பி. திருப்பிக் குடுக்க வந்தீங்களா? பாடும்னு சொல்லித்தானே குடுத்தேன்."

"திருப்பிக் குடுக்க வரல பாய்" என்றார் அக்தரி பேகம். "இதே சரக்கை வேற யாருக்கெல்லாம் வித்தீங்க?"

"கம்மிதான் ஆபா. தோலு முதல் தரம். உள்ள அட்டைக்கும் சோலுக்கும் நடுவுல பசை சரியாப் பிடிக்கல, அதான் கத்துது. வெளிநாட்டுக்காரன் வேணாம்னுட்டான். நம்ம ஆளுங்களும் போட்டுப் பார்த்துட்டு வச்சிட்டுப் போயிடறாங்க."

அக்தரி பேகம் ஃபோனில் போட்டோவைக் காட்டினார். ஜியாவுல்லா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். விரல் ஒரு சுருட்டை முடியின் மேல் போய் நின்றது.

"இந்தத் தம்பி. வசந்தோ என்னவோ பேரு. பேஜார் பண்ணிட்டாரு ஆபா. பத்தாம் நம்பர்தான் வேணும்னாரு. உங்க காலு ஏழுக்கு மேல இருக்காதேன்னேன். எனக்கில்ல, வேற ஒருத்தருக்குன்னாரு. நல்லது குடுங்கன்னாரு. பத்துல நல்லது இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"யாருக்குன்னு சொன்னாரா?"

"இல்ல. ஆனா ஃபோன் போட்டு, 'சார், பத்துதானே?'ன்னு கேட்டாரு. இதோ, இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாரு. அந்தப் பக்கம் எடுத்ததும் எழுந்து நின்னுட்டாரு. ஃபோனுக்கு எழுந்து நிக்கறவரை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்."

தெருவுக்கு வந்ததும் வேந்தனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "மேடம், டைரக்டர்! நயீம் அகமது! போட்டோவுல பார்த்தீங்கல்ல, ஆறடி ஆளு. அவர் காலு பத்துக்கு மேலயே இருக்கும். எழுந்து நிக்காம டைரக்டர்கிட்ட எவன் பேசுவான்? விசாரணை வச்சதும் அவர்தான். திருடனே போலீஸுக்கு ஃபோன் பண்ண மாதிரி."

"அவருக்கு இதுல இன்னா லாபம்?"

"அது உங்க பங்கு. சைஸ் என் பங்கு."

அக்தரி பேகம் சிரிக்கவில்லை. ஏதோ ஒன்று பொருந்தாமல் அவரை அரித்தது. ஃபோன் அடித்தது. சோபனா பேசினாள். அவசரத்தில் வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன.

"மேடம், எல்லாரும் வந்துட்டிருக்காங்க. என்னை மேல கூப்பிடறாங்க. கையெழுத்துப் போட்டுட்டு நானே விலகிட்டா விஷயம் வெளிய போகாதுன்னு சொல்றாங்க. போட்டுடட்டுமா?"

"பேனாவையே தொடாத! டைரக்டர்கிட்ட ஃபோனைக் குடு."

நயீம் அகமதிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். விசாரணையை மாடியில் வைக்காமல் எலி அறையில் வைக்க வேண்டும். அவரவர் காலில் போட்டிருப்பதோடு ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். "எங்க விதிக்கு விரோதம்" என்றார் நயீம் அகமது. பிறகு, "சரி, வாங்க" என்றார்.

அறைக்குள் சோபனா சுவரோரம் நின்றாள். அக்தரி பேகம் கூண்டின் பக்கத்தில். வேந்தன் தன் ஷூவை வெளியே கழற்றிவிட்டு, முதலில் வரப்போகிறவரின் காலைப் பார்க்கத் தயாராகக் குனிந்தே நின்றான்.

நயீம் அகமது முதலில் வந்தார். ஆறடிதான். கால் பத்துக்கு மேலேதான். ஆனால் அந்தக் காலில் இருந்தது பஞ்சு போன்ற தடித்த செருப்பு. சத்தமே இல்லை. எலிகள் தங்கள் பாட்டுக்குத் தீனியைக் கொறித்தன.

"சர்க்கரை" என்றார் அவர், வேந்தனின் பார்வையைக் கவனித்து. "டாக்டர் ஷூவே போடக்கூடாதுன்னுட்டார். பல வருஷமாச்சு."

வேந்தன் மெதுவாக நிமிர்ந்தான். "சைஸ் பங்கும் போச்சு மேடம்" என்று முணுமுணுத்தான்.

அடுத்து வசந்த், ரப்பர் செருப்போடு. கதவின் தாழ் பட்ட சத்தத்துக்கு எலிகள் ஒருமுறை துள்ளின. அவ்வளவுதான். அவன் சோபனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் சாய்ந்து நின்றான்.

நடைவழியில் காலடி கேட்டது.

கிறீச். சற்று இடைவெளி. கிறீச்.

கதவு இன்னும் திறக்கவில்லை. அதற்குள் ஆறு எலிகளும் தீனியைப் போட்டுவிட்டுக் குழாய்க்குள் பாய்ந்தன. ஒன்றுக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை. அது குழாய்க்கும் கூண்டுக் கம்பிக்கும் நடுவே தலையைச் செருகிக்கொண்டு நடுங்கியது. சாய்ந்து நின்ற வசந்த் சட்டென்று நிமிர்ந்து நின்றான்.

பேராசிரியர் ராமமூர்த்தி உள்ளே வந்தார். நரைத்த தலை, சலவை மடிப்புக் கலையாத சட்டை, காலில் பழுப்பு ஷூ.

"மன்னிக்கணும். புது இடம், எனக்கு வழி தெரியல" என்றார். "இங்க நான் வர்றது இதுதான் முதல் தடவை."

"எலிங்க வேற மாதிரி சொல்லுதே சார்" என்றார் அக்தரி பேகம். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். கடை, சரக்கு, பத்தாம் நம்பர், எழுந்து நின்று பேசிய ஃபோன்.

ராமமூர்த்தி பொறுமையாகக் கேட்டார். பிறகு வகுப்பில் பேசுவதுபோலப் பேசினார். "அம்மா, இந்த எலிங்க எதுக்கு வேணாலும் பதறும். அதை நான் எத்தனையோ காலமா எழுதிட்டிருக்கேன். பதறி ஓடுறதைச் சாட்சின்னு சொன்னா உலகம் சிரிக்கும். வசந்த் என் மாணவன். ஷூ வாங்கி அனுப்பினான், போட்டிருக்கேன். இதே சத்தத்தோட இந்த ஊர்ல எத்தனை பேரோ."

"நியாயம்தான்" என்றார் அக்தரி பேகம். "அதுங்க ரொம்ப பயந்திருக்கு. வெளிச்சம் கம்மியானா அடங்கிடும்னு சோபனா சொல்லுவா. சார், நீங்கதான் கதவுப் பக்கம் நிக்கறீங்க. அந்த லைட்டைக் கொஞ்சம் அணைச்சிடுங்களேன்."

பேராசிரியர் திரும்பிப் பார்க்காமலேயே இடது கையை நீட்டினார். கதவை ஒட்டி ஓர் இரும்பு அலமாரி இருந்தது. கை அதன் பின்னால் வளைந்து போனது. சொடக். விளக்கு அணைந்தது.

ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

"அந்த சுவிட்சு அலமாரிக்குப் பின்னால இருக்கு" என்றாள் சோபனா மெல்ல. "தொழிற்சாலைக் காலத்து சுவிட்சு. புதுசா வர்றவங்க யாருக்கும் அது எங்கன்னு தெரியாது. நானே முதல் நாள் தேடினேன்."

ராமமூர்த்தியின் கை இன்னும் அலமாரிக்குப் பின்னால்தான் இருந்தது. அதை எடுப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியாததுபோல் நின்றார்.

"போதும் சார்" என்றான் வசந்த். "என்னால முடியல. சோபனா, ஞாயித்துக்கிழமைங்கள்ல நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். சும்மா பாத்துட்டுப் போறேன்னாரு. உள்ள பஸ்ஸர் அடிக்கிறது கேட்டுச்சு. கேட்டும் நான் வெளியவே நின்னேன். அவர் சிபாரிசு இல்லாம எனக்கு அடுத்த வேலை கிடையாது."

சோபனா வசந்தை நோக்கித் திரும்பவில்லை. பேராசிரியரிடம் இரண்டடி நடந்து போனாள். கையுறைகளை எங்கோ போட்டுவிட்டிருந்தாள்.

"சார், பெட்டியோட நடுக்கதவை மூடி வச்சீங்களா?"

அவர் கையை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டார்.

"மூடி வச்சுட்டு பஸ்ஸர் அடிச்சீங்க. ஷாக் குடுத்தீங்க. போறதுக்கு வழியே இல்லாம பண்ணீங்க. அதனாலதான் நான் கதவைத் திறந்து வச்சாலும் இதுங்க எழுந்திருக்கல. எங்க போனாலும் வலிக்கும்னு முடிவு பண்ணிடுச்சு. இதுங்க இன்னும் குட்டிங்க சார்."

நயீம் அகமது முன்னால் வந்தார். நிதானமான மனிதர், ஆனால் அவர் முகம் சிவந்திருந்தது. "விசாரணை சோபனா மேல இல்ல, இனிமே. நீங்க இங்கயே இருக்கணும் பேராசிரியரே. வசந்த், நீயும்." ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

ராமமூர்த்தி ஸ்டூல் ஒன்றைத் தேடி உட்கார்ந்தார். அதுவரை அவர் தோளில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது. "முதல்ல உன் கட்டுரையைப் படிச்சேன்" என்றார். "மூணு தடவை படிச்சேன். ஒரு தப்பும் கிடைக்கல. அது சரின்னா, நான் சொல்லிக்குடுத்ததெல்லாம்..." முடிக்கவில்லை.

"தப்பு கிடைக்கலைன்னு எழுதியிருக்கலாமே சார்" என்றான் வேந்தன். முதல்முறையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. குழாயின் வாயில் ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. காற்றை முகர்ந்தது. ஸ்டூலில் இருந்த மனிதர் காலை அசைத்தார், கிறீச். மூக்கு மறைந்தது.

அவர் அதைப் பார்த்தார். சோபனாவும் பார்த்தாள்.

"ஒரே ஒரு கேள்வி சார்" என்றாள். "என் வேலை, உங்க புத்தகம், எல்லாத்தையும் விட்டுடுங்க. டம்ளர் விழுந்தா துள்ளிச்சு. கைதட்டினா துள்ளிச்சு. டைரக்டர் வந்தப்ப தின்னுட்டிருந்துச்சு. நீங்க கதவுக்கு வெளிய இருக்கறப்பவே போய் ஒளிஞ்சிடுச்சு. வாத்தியாரா சொல்லுங்க. இதுங்க கத்துக்குதா, இல்லையா?"

பேராசிரியர் நெடுநேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"கத்துக்குது."

"சத்தமா சொல்லுங்க சார்."

"கத்துக்குதும்மா. சீக்கிரமே கத்துக்குது."

சோபனா தலையசைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோரம் நின்ற நயீம் அகமதிடம் திரும்பினாள். "சார், இந்த ஆறையும் இனிமே பெட்டியில வைக்க மாட்டேன். திரும்பச் செஞ்சு காட்டப் புதுக் குட்டிங்க வேணும்னு இன்னிக்கே சொல்லிவிடலாமா?"